உப்பு பார்த்த லெந்து

பிப்ரவரி 22, புதன். சாம்பல் புதன்

எங்கள் கோயில் போதகர் ஐயர் இந்த நோட்டைக் கொடுத்திருக்கிறார். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஆளுக்கு ஒன்று. லெந்து தவக்காலத்தின் நாற்பது நாளும் எழுதி, ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் அதைப் பார்த்துச் சாட்சி சொல்ல வேண்டுமாம். மற்றவர்கள் எழுதுவார்களோ என்னவோ, நான் சங்கத்துச் செயலாளர். எழுதியே தீர வேண்டும்.

ஆண்டவருக்கு நான் நேர்ந்துகொண்ட பொருத்தனை இது. தினமும் பகல் மூன்று மணி வரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் படாது. மீன், கறி கிடையாது. சாயந்திரம் ஆறரை மணி லெந்து ஜெபம் ஒரு நாளும் தவறாது. பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் எனக்குக் கொடுத்திருக்கிற ஐந்தாம் வார்த்தையைத் தியானித்துப் பேசி முடிப்பேன்.

எதற்காக என்று ஆண்டவருக்குத் தெரியும். கோயம்புத்தூரில் என் மகள் ஷெரினுக்கு இது மூன்றாவது. முதல் இரண்டும் தங்கவில்லை. இதுவாவது தங்க வேண்டும். ஏப்ரல் கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டில் இவரிடம், என் புருஷனிடம் மட்டும் சொன்னேன். இவர் ரிட்டயர்டு டிராயிங் வாத்தியார், எல்லாவற்றுக்கும் ஒரு சிரிப்பு வைத்திருப்பார். "சுகரை வச்சுக்கிட்டு உபவாசமாட்டி? டாக்டர் நேரத்துக்குச் சாப்பிடணும்னு சொன்னாவல்லா?" என்றார்.

"டாக்டர் சொன்னதும் ஆண்டவர் சொன்னதும் ஒண்ணா?"

"ஆண்டவர் உன்கிட்ட எப்ப சொன்னாரு?"

இவரிடம் பேசி ஜெயிக்க முடியாது. எங்கள் பெரியம்மா ஒருத்தி பொருத்தனையை மறந்தாள், அந்த வருஷமே அவள் மாடு செத்தது. மாட்டுக்கு இருபது வயசு என்பார் இவர். வயசா முக்கியம்? ஆண்டவரோடு விளையாடக் கூடாது.

பிப்ரவரி 23, வியாழன்

நிறைவு. இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் கிறுகிறுப்பு. அது பக்தியினால் இருக்கலாம்.

பிப்ரவரி 27, திங்கள்

எதிர்வீட்டு பேரின்பம் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கம்பி வைக்கப் போகிறார்களாம்.

பேர்தான் பேரின்பம். நானும் அவளும் இருபது வருஷம் பாடகர் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடியவர்கள். ஆறு வருஷத்துக்கு முன் அவள் புருஷன் இறந்த பிறகு, டவுனில் உள்ள மலைமேல் தீபம் சபைக்குப் போய் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாள். அந்தச் சபை வழக்கப்படி கம்மலைக் கழற்றினாள். அதோடு விட்டாளா? குழாயடியில் நாலு பேர் பார்க்க, "சின்னதுல உன் தலையில தெளிச்சாவளே, அந்தத் தண்ணியில ஒரு காக்கா குளிக்க முடியுமாட்டி? அதை நம்பியா பரலோகம் போவ?" என்று கேட்டாள். அன்றோடு பேச்சு இல்லை.

அவள் விழுந்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லை. ஆண்டவர் படிப்பார் என்பதால் தெளிவாக எழுதுகிறேன்: சந்தோஷம் இல்லை. இருந்தாலும் கொஞ்சம்தான்.

மார்ச் 7, செவ்வாய்

பேரின்பத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மகன் மஸ்கட்டிலிருந்து வந்து மூன்று நாள் நின்றுவிட்டுப் போய்விட்டான். பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்துவிட்டுப் போனானாம். பேரின்பத்தின் சபைக்காரர்கள் வேனில் வந்து இரண்டு மணி நேரம் ஜெபித்தார்கள். எங்கள் சங்கமும் சும்மா இல்லை, ஜெபக் குறிப்பில் அவள் பெயரைச் சேர்த்திருக்கிறோம். சுகத்துக்கு அல்ல, திருந்துவதற்கு.

மார்ச் 8, புதன்

அவள் வீட்டுக் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. ஏழு, எட்டு, ஒன்பது. நான் ஜெபத்தில் இருந்தேன். பதினொன்றாவது விசிலுக்கு மேல் எப்படி ஜெபிப்பது? வெடித்தால் எங்கள் ஜன்னல் கண்ணாடியும் சேர்ந்து போகும். அந்த ஒரே காரணத்துக்காகப் போனேன்.

வேலைக்கு வைத்த பெண்ணை முதல் நாளே ஏசியிருக்கிறாள், அவள் வேலையை விட்டு நின்றுவிட்டாள். வாக்கரைப் பிடித்து அடுப்படி வரை வந்து அரிசியைப் போட்டவள், கட்டிலுக்குத் திரும்பியபின் எழுந்திருக்க முடியவில்லை. என்னைப் பார்த்துவிட்டு, "நீயாட்டி?" என்றாள்.

"குக்கருக்காக வந்தேன்" என்றேன்.

சோறு கரிந்து போயிருந்தது. கஞ்சி வைத்தேன். வைக்கும்போது கை பழக்கத்தில் உப்பு பார்த்துவிட்டேன். அப்போது மணி பதினொன்று இருபது.

தவறு: 1.

மார்ச் 9, வியாழன்

இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் ஐயர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "ஐயா, உபவாசத்துல உப்பு பாத்தா உபவாசம் முறிஞ்சிருமா?"

ஐயர் சின்ன வயசு, எல்லாவற்றையும் நிதானமாக எடுப்பார். "விழுங்கினீங்களாம்மா?"

"ஒரு சொட்டு உள்ள போயிருக்கும்யா."

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார். வேத பாடசாலையில் நாலு வருஷம் இதைச் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. வீட்டுக்கு வந்தால் இவர், "துப்பியிருந்தா பாதி மார்க் கிடைச்சிருக்கும்" என்கிறார்.

எங்கள் வீட்டில் கஞ்சி மிச்சம் இருந்ததால் அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கீழே கொட்டினால் பாவம்.

மார்ச் 13, திங்கள்

ஆறரை மணி ஜெபம் தவறியது. ஆறு இருபத்தைந்துக்கு அவள் கூப்பிட்டாள். பெட்பேன். அதற்கு மேல் எழுத வேண்டாம்.

தவறு: 4. (நடுவில் இரண்டு நாள் உப்பு.)

மார்ச் 21, செவ்வாய்

இன்றைய அவமானத்தை எழுதாமல் விட்டால் அதுவும் பொய்யாகும்.

பேரின்பத்துக்கு வாய் செத்துப்போய்விட்டது. பத்து நாளாகக் கஞ்சி, ரசம். "எனக்கு சாளைக் குழம்பு வேணும்ட்டி" என்றாள்.

"லெந்துல மீனா? உனக்குப் புத்தி மழுங்கிட்டா?"

"எங்க சபையில லெந்து கிடையாது. நீ வைக்க வேண்டியதுதானே, தின்னப் போறது நான்தானே?"

சரி என்று வைத்தேன். அவள் அடுப்பு சரியில்லை, எங்கள் வீட்டில்தான் வைத்தேன். குழம்பு நன்றாகக் கொதிக்கிற நேரம் பார்த்து, சங்கத்துப் பொருளாளர் ஹெப்சிபா வந்துவிட்டாள். ஹெப்சிபாவின் மூக்கு எங்கள் ஊரில் பிரசித்தம். வாசலிலேயே நின்று இரண்டு தடவை இழுத்தாள்.

"என்னக்கா, மீன் வாசமா?"

"பூனைக்கு" என்றேன். எப்படி அந்த வார்த்தை வந்ததென்று எனக்கே தெரியவில்லை.

"நீங்க எப்பக்கா பூனை வளர்த்திய?"

அந்த நேரம் பார்த்து இவர் உள்ளேயிருந்து, "கனகபுஷ்பம், குழம்புல உப்பு பாத்தியா? புளி தூக்கலா இருக்கான்னும் பாரு!" என்று சத்தம் கொடுத்தார்.

ஹெப்சிபா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். "நல்ல பூனை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உபவாசம் முறிந்தது, மீன் பட்டது, பொய் சொன்னது. ஒரே நாளில் மூன்று. தவறு: 11. பேரின்பம் நாலு கரண்டி விட்டுச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு சரியா இருக்கு" என்றாள். இருக்காதா? அதற்கு நான் கொடுத்த விலை அவளுக்கென்ன தெரியும்.

மார்ச் 25, சனி

பேரின்பத்தின் சபைப் பாஸ்டர் எலியேசர் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் பெரிய வேதாகமம். நான் அந்த நேரம் பெட்பேனை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறேன், அவர் உள்ளே வருகிறார். நிலைப்படியில் நேருக்கு நேர்.

"சிஸ்டர், நீங்க இரட்சிக்கப்பட்டுட்டீங்களா?" என்றார்.

"பாஸ்டர், கொஞ்சம் ஒதுங்குங்க. சிந்திரும்" என்றேன்.

மனுஷன் சுவரோடு ஒட்டிக்கொண்டார். உள்ளே கட்டிலிலிருந்து பேரின்பம் சிரித்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவள் சிரிப்பைக் கேட்கிறேன். பாடகர் குழுவில் இந்தச் சிரிப்புக்காகத்தான் இரண்டு பேரும் ஏச்சு வாங்குவோம். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. லெந்து காலத்தில் அப்படிச் சிரித்திருக்கக் கூடாது. எழுதிக்கொள்கிறேன்.

மார்ச் 28, செவ்வாய்

ஷெரின் போன் பண்ணினாள். கால் வீங்கியிருக்கிறதாம், பிரஷர் கூடியிருக்கிறதாம். "பயப்படாதீங்கம்மா" என்று அவள் எனக்குச் சொல்கிறாள்.

நோட்டை எடுத்து எண்ணினேன். தவறு பதினாறு. பதினாறு தவறை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய்ப் பிள்ளை கேட்பேன்? இந்தப் பொருத்தனையை நான் முறித்ததற்குத்தான் அங்கே அவளுக்குக் கால் வீங்குகிறது. வேறென்ன?

சாயந்திரம் பேரின்பத்திடம் போய், "நாளையில இருந்து வரமாட்டேன். என் பொருத்தனை கெடுது. என் பிள்ளை உசிரு சம்பந்தப்பட்டது" என்றேன்.

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். "சரிட்டி" என்று மட்டும் சொன்னாள். அந்த "சரி" எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 29, புதன்

போகவில்லை. நிறைவு.

மார்ச் 30, வியாழன்

போகவில்லை. மூன்று மணிக்கு இலையில் உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை. இவர் ஒரு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். ஐந்து நிமிஷத்தில் வந்து, "ஆம்பிளை நான் சோறு குடுக்கலாம், வேற என்ன செய்ய முடியும்? தலை சடை பிடிச்சுக் கெடக்கு அவளுக்கு" என்றார்.

மார்ச் 31, வெள்ளி

போனேன்.

தலைக்கு எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்தேன். ஒரு மணி நேரம் ஆனது. முதுகுப் பக்கம் உட்கார்ந்திருந்ததால் முகம் பார்க்காமல் பேச வசதியாக இருந்தது.

"நான் ஏன் முழுக்கு எடுத்தேன் தெரியுமாட்டி?" என்றாள். "அவிய போன அன்னைக்கு ராத்திரி ஒரு பயம் வந்துது. நம்ம ஞானஸ்நானம் செல்லுமா செல்லாதா, அவிய எங்க போனாவளோ, நான் எங்க போவேனோன்னு. அந்தப் பயத்துலதான் முங்குனேன். அந்தப் பயத்துலதான் உன்னையும் ஏசுனேன்."

"இப்பப் பயம் போயிட்டா?"

"எங்க போக? முங்குனா தலைதான் நனையுது."

எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல வாய் வந்தது. பின்னலை இறுக்கிப் போட்டேன், "ஆ, வலிக்குட்டி" என்று கத்தினாள்.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

நாளைக்கான ஐந்தாம் வார்த்தை தயார். 'தாகமாயிருக்கிறேன்' என்று ஆண்டவர் சிலுவையில் சொன்னது. முழுசாகப் பதினோரு பக்கம் எழுதியிருக்கிறேன். சரீரத்தின் தாகம், ஆத்துமாவின் தாகம், சபையின் தாகம் என்று மூன்று பிரிவு. மற்ற எல்லாம் தவறினாலும் இது ஒன்றாவது தவறாமல் முடிந்தால் ஆண்டவர் மனமிரங்குவார் என்று ஒரு நம்பிக்கை.

பேரின்பத்திடம் வாசித்துக் காட்டினேன். மூன்றாம் பக்கத்தில் குறட்டை. அவள் உடம்பு லேசாகச் சுடுகிற மாதிரி இருந்தது. வெயில் என்றாள்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நோட்டு கைப்பையில் இருந்தது. சாயந்திரம் ஐந்தரை மணி.

காலை பதினொன்றரைக்கு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பும்போது மருமகன் ஆல்வின் போன். ஷெரினுக்குப் பிரஷர் ஏறிவிட்டது, அட்மிட் பண்ணியிருக்கிறது, குறையாவிட்டால் ஆபரேஷன் பண்ணிப் பிள்ளையை எடுப்பார்களாம். கோயிலுக்கு ஓடு, ஐந்தாம் வார்த்தையை முடி, அது ஒன்றுதான் வழி என்று மனசு அடித்துக்கொண்டது.

தெருவில் இறங்கியவள், இரண்டு நிமிஷம் அவளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று எதிர்வீட்டில் நுழைந்தேன். பேரின்பம் நெருப்பாகக் கொதித்துக்கொண்டு கிடந்தாள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கட்டுக்கு மேலே தொடை சிவந்து வீங்கியிருந்தது. "கனகம், எம்புருஷன் வந்திருக்காவ பாரு" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது.

எங்கள் ஊரில் பெரிய வெள்ளி பன்னிரண்டு முதல் மூன்று வரை ஒரு ஈ காக்கா வெளியே இருக்காது. ஆட்டோக்காரன், கடைக்காரன், கம்பவுண்டர் எல்லாரும் கோயிலில். இவர் பாடகர் குழுவில், போன் அணைந்திருக்கிறது. ஹெப்சிபா போனும் அணைந்திருக்கிறது. 108-க்கு அடித்தால், பக்கத்து வண்டி வேறொரு விபத்துக்குப் போயிருக்கிறது, இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

கோயில் மணி அடித்தது. பன்னிரண்டு.

போய் யாரையாவது கூட்டி வரலாம்தான். ஆனால் அந்த நிலையில் அவளைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போக? நடு வீட்டில் நின்று சத்தமாகவே சொன்னேன். "ஆண்டவரே, என் பிள்ளையை நீர் பாத்துக்கிடும். இவளை நான் பாத்துக்கிடுதேன். பொருத்தனை போச்சு, எல்லாம் போச்சு. கோவம்னா என் மேல காட்டும், ஷெரின் மேல காட்டாதேயும்." சொல்லிவிட்டு அழுதேன். அழுதுகொண்டே துணியை நனைத்து அவள் நெற்றியில் போட்டேன்.

பேரின்பத்தின் போனில் கடைசியாகப் பேசிய நம்பர் எலியேசர் பாஸ்டருடையது. அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். "டிரைவர் ஊருக்குப் போயிருக்கார் சிஸ்டர், நானே ஓட்டிட்டு வாறேன். ஆனா வேன் டயர் ஒண்ணு பஞ்சர், மாத்திட்டுத்தான் கிளம்ப முடியும்" என்றார்.

காத்திருந்தேன். கோயில் ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டது. முதலாம் வார்த்தை, பாட்டு, இரண்டாம் வார்த்தை, பாட்டு. பேரின்பம் "தண்ணி, தண்ணி" என்று முனகத் தொடங்கினாள். டம்ளரில் கொடுத்தால் புரை ஏறியது. கரண்டியில் எடுத்து, உதட்டில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். ஒலிபெருக்கியில் ஐயர், "ஐந்தாம் வார்த்தையைத் தியானிக்க திருமதி கனகபுஷ்பம் தேவசித்தம் அவர்கள் வருவார்கள்" என்றார். மறுபடியும் கூப்பிட்டார். எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. கையில் கரண்டி, அவள் தலை என் மடியில், எங்கே போவது? அடுத்த கரண்டி விட்டேன். ஐயரே ஏதோ இரண்டு நிமிஷம் பேசி முடித்தார்.

ஒன்றே முக்காலுக்கு வேன் வந்தது. பாஸ்டர் வேட்டியெல்லாம் கிரீஸ். "காலை அசையாமப் பிடிச்சுக்கிடுங்க சிஸ்டர்" என்பதைத் தவிர வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இரட்சிக்கப்பட்டேனா என்று கேட்கவும் இல்லை.

காயத்தில் கிருமி ஏறியிருக்கிறதாம். உடனே உள்ளே கொண்டுபோனார்கள். நர்ஸ் ஒருத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, சுகர் இருக்கா? இதைத் தின்னுங்க முதல்ல" என்று நாலு பிஸ்கட்டைக் கையில் திணித்தாள். தின்றேன். பெரிய வெள்ளி, பகல் இரண்டே முக்கால்.

தவறு எத்தனை என்று எண்ணவில்லை. கோயம்புத்தூரிலிருந்து போன் இல்லை.

ஏப்ரல் 8, சனி

காலை எட்டு மணிக்கு ஆல்வின். "அத்தை, பொம்பளைப் பிள்ளை. ரெண்டு கிலோ நானூறு. ரெண்டு பேரும் சுகம்."

வராந்தாவில் இவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எலியேசர் பாஸ்டர் ஓரமாக நின்று அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், எதற்கென்று தெரியாமலே. பேரின்பத்துக்கும் காய்ச்சல் இறங்கிவிட்டது.

சாயந்திரம் ஷெரினே பேசினாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. என்னால் தாங்க முடியவில்லை. "அம்மா உனக்காக ஒரு பொருத்தனை பண்ணியிருந்தேன் மக்களே. காக்கவே முடியல. நாப்பது நாள்ல பாதிக்குப் பாதி முறிச்சுட்டேன். நேத்து பெரிய வெள்ளியில கூட பிஸ்கட் தின்னுட்டேன். மன்னிச்சிரு" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு. தையல் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரிக்கிறாள்.

"அம்மா, அப்பா முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. சுகரை வச்சுக்கிட்டு மூணு மணி வரைக்கும் பட்டினி கிடக்கீங்கன்னு. எனக்குத் தூக்கமே வரல. நானும் தினமும் ஒரே ஒரு ஜெபம்தாம்மா பண்ணினேன். ஆண்டவரே, எப்படியாவது எங்கம்மா வாயில ஏதாவது பட்டுரணும்னு."

நான் திரும்பி இவரைப் பார்த்தேன். இவர் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 9, ஞாயிறு. ஈஸ்டர்

அதிகாலை ஆராதனையில் ஐயர் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "நாற்பது நாள் பொருத்தனை பண்ணினேன். முறித்துவிட்டேன். எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள்" என்றேன். உட்கார்ந்துவிட்டேன். ஐயர் எழுந்து, "அம்மா, அன்னைக்கு உப்பைப் பத்திக் கேட்டீங்களே. யோசிச்சுட்டேன். முறியாது" என்றார். ஒரு மாசம் யோசித்திருக்கிறார் மனுஷன்.

வெளியே வரும்போது ஹெப்சிபா கையைப் பிடித்தாள். "அக்கா, பூனை எந்த ஆஸ்பத்திரியில இருக்கு?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். தூக்குச்சட்டியோட நீங்க தெருவைத் தாண்டுனதைப் பாத்துக்கிட்டுத்தான் போனேன். கமிட்டியில என்ன சொல்லுவாவளோன்னு பயந்து பேசாம இருந்துட்டேன். செவ்வாய்க்கிழமை சாப்பாடு நான் கொண்டுபோறேன். வியாழன் நம்ம ஐயரம்மா."

சாளைக் குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பேரின்பம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"உப்பு பத்தலட்டி."

விடியற்காலை ஆராதனைக்கு ஓடின அவசரம். உபவாசம் முடிந்து, உப்பு பார்ப்பதற்கு ஒரு தடையும் இல்லாத முதல் நாளில், பார்க்காமலே கொண்டுவந்திருக்கிறேன்.

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல, "லெந்து முடிஞ்சிட்டு. இனி வருவியாட்டி?" என்றாள். குழாயடியில் என்னை ஏசின அந்த வாயா இது என்றிருந்தது.

"உப்பு பத்தலன்னு சொல்லிட்டல்லா?" என்றேன். "நாளைக்கு வந்து சரி பண்ணாண்டாமா?"